கடைமடைக்கு எது பாயும்: ஸ்கேனா, சிஸ்டரா?

குடமுருட்டிக்கும் வெண்ணாற்றுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், நாற்பது படுக்கை கொண்ட அறக்கட்டளை மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் இருக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று தாயார் நினைவாக அறுபது லட்சம் ரூபாய் கொடுத்தது. நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. நிபந்தனை இல்லாமல் வரும் பணம்தான் குழுவை நாலாகப் பிளக்கும் என்பது கணக்கர்களுக்குத் தெரியும்.

அப்படியே நாலாகப் பிளந்தது. சி.டி. ஸ்கேன் கருவி வாங்கலாம் என்றார் ஒருவர். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிறப்பு மருத்துவர்களை வாரந்தோறும் வரவழைக்கலாம் என்றார் இன்னொருவர். மருத்துவமனை முழுவதையும் கணினிமயமாக்கலாம் என்றது இளையவர்களின் கட்சி. கடைசியாகப் பேசியவர் எங்கள் தலைமைச் செவிலியர். குழுவில் அவருக்கு ஓட்டு இல்லை. கருத்துக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தோம். "இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் சார். சொல்லிக்கொடுத்ததை எழுதி வையுங்கள். அவர்கள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் வாங்குங்கள்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

அவர் சொன்னதற்கு நிர்வாகப் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது: அறிவு மூலதனம். 1990களில் ஸ்வீடனின் ஸ்காண்டியா என்னும் காப்பீட்டு நிறுவனம், லெய்ஃப் எட்வின்சன் என்பவரின் முயற்சியில், ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்கென்றே தனி இணைப்பு வெளியிட்டது. அதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஊழியர்களின் தலையிலும் கையிலும் இருப்பது மனித மூலதனம். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் கட்டடத்தில் தங்கியிருக்கும் நடைமுறைகள், பதிவேடுகள், வழக்கங்கள் எல்லாம் அமைப்பு மூலதனம். வெளியில் இருப்பவர்கள் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையும் அவர்களோடு உள்ள பழக்கமும் உறவு மூலதனம்.

இருபத்தாறு ஆண்டுகளில் இவற்றில் ஒன்றைக்கூட நான் சொத்துப் பக்கத்தில் எழுதியதில்லை. எழுதவும் முடியாது. எக்ஸ்ரே கருவி சொத்து. அதை இயக்குபவரின் சம்பளம் செலவு. பயிற்சிக்குக் கொடுத்த பணத்தைச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் விதிகள் இடம் தருவதில்லை, ஏனென்றால் பயிற்சி பெற்றவர் நாளைக் காலையே ராஜினாமாக் கடிதம் நீட்டலாம். விதியில் குற்றம் இல்லை. ஆனால் அந்த ஏட்டையே பார்த்துப் பார்த்து, எழுத முடியாதது இல்லவே இல்லை என்று நினைக்கப் பழகிவிட்டேன். அது என் குற்றம். வரவு செலவுத் திட்டத்தில் ‘நர்ஸ் பயிற்சி’ என்று வந்த வரியை எத்தனை முறை அடித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

நான்கு யோசனைகளையும் எந்த அளவுகோலால் அளப்பது? எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதில் குழப்பமே வராது. ஜூன் 12 அன்று மேட்டூரில் மலர் தூவித் தண்ணீர் திறப்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அவன் கேட்பது ஒன்றுதான்: கடைமடைக்கு எப்போது வரும்? மதகு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், எந்த வாய்க்காலில் எந்த ஷட்டரை எத்தனை நாள் தூக்கினால் கடைசி வயல் நனையும் என்று தெரிந்த லஸ்கர் என்னும் பாசனப் பணியாளர் அவனுக்கு முக்கியம். மருத்துவமனைக்கும் ஒரு கடைமடை உண்டு. இரவு இரண்டு மணி, அவசரப் பிரிவு, வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன நர்ஸ், படிப்பு முடித்து வந்த இளம் டியூட்டி டாக்டர். அறுபது லட்சத்தில் எத்தனை ரூபாய் அந்த இடம் வரை பாயும் என்று பார்த்தால் போதும் என்று தோன்றியது.

ஸ்கேனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் ஆதரவு அதிகம். காரணமும் உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமென்றால், அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்து உறுதி செய்யாமல் போடக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், ‘கருவி வேண்டாம்’ என்று யாரும் வாதாட முடியாது.

அறுபது லட்சத்துக்குள் புதுப்பித்த பழைய கருவி ஒன்று அடங்கும் என்றார் விற்பனைப் பிரதிநிதி. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், கதிர் வெளியே போகாத அறை, குளிர்சாதனம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஒருநாள் தேய்ந்துபோகும் எக்ஸ்ரே குழாய் இவையெல்லாம் தனி. அதையும் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது படத்தைப் பார்ப்பவர். பகலில் எடுத்த படத்தை இணையம் வழியாக வெளியூர் மருத்துவருக்கு அனுப்பி அறிக்கை வாங்கிவிடலாம். நள்ளிரவில் அறிக்கை வந்தாலும், அந்த ஊசியைத் துணிந்து போட்டு, போட்ட பிறகு வரக்கூடிய ரத்தக்கசிவைக் கவனிக்கும் மருத்துவர் எங்களிடம் இல்லை. எடுத்த படத்தை உறையில் போட்டு நோயாளியோடு தஞ்சாவூருக்கு அனுப்பப்போகிறோம், அவ்வளவுதான். அதாவது அதே ரயில்வே கேட், அரை மணி நேரம் தாமதமாக. இதற்கிடையில் திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. டெல்டாவில் ஸ்கேன் முன்பு இருந்ததைப் போல அரிய பொருள் இல்லை. கருவி வந்தால் பெயர்ப்பலகை பெரிதாகும். கடைமடைக்குச் சொட்டுத்தான் வரும்.

சிறப்பு மருத்துவர்கள் யோசனை அதைவிட மலிவு, அதைவிட மயக்கமும் கூட. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் வரும். இதய நிபுணர் நாற்பது பேரைப் பார்ப்பார். நாலு மணிக்குக் கார் போய்விடும். அவரோடு அவருடைய அறிவும் ஏறிப் போய்விடும். அவர் எழுதிய மாத்திரையை ஏன் எழுதினார், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்பது திங்கட்கிழமை வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முன்பு மூன்று ஆண்டுகள் இப்படி நடத்திப் பார்த்திருக்கிறோம். வருமானம் வந்தது, மறுக்கவில்லை. மருத்துவமனை அதனால் ஒரு விஷயம்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு எலும்பு முறிவு மருத்துவர் மட்டும், கிளம்புவதற்கு முன் தேநீர் குடித்துக்கொண்டே, மாவுக்கட்டுப் போட்ட பிறகு விரல்களின் நிறத்தையும் வலியையும் எப்படிக் கவனிப்பது என்று நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர் வருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பழக்கம் இன்னும் வார்டில் இருக்கிறது. அந்தத் தேநீர்ச் செலவுதான் மூன்று ஆண்டில் நாங்கள் செய்த உருப்படியான முதலீடு.

கணினிமயத்தைப் பற்றிப் பேசும்போது நான் 2018 நவம்பர் 16ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அன்று அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கு, வாரக்கணக்கு ஆயிற்று. அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது கார்பன் தாளும் பழைய ரிஜிஸ்தரும். இதைச் சொன்னால் இளையவர்கள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். இருக்கட்டும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: ஆய்வகமும் மருந்தகமும் கணினிக்கு வந்தால், எந்த மருந்து எப்போது காலாவதி ஆகிறது, ஒரு நோயாளியின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு போன முறை என்ன என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். என் சண்டை இரண்டு இடத்தில்தான். ஒன்று, மென்பொருள் நிறுவனத்தோடு பிணக்கு வந்தால் நம் நோயாளிகளின் விவரங்களை நாமே எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். இரண்டு, குழப்பமான நடைமுறையைக் கணினியில் ஏற்றினால் குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். எங்கள் வார்டில் டியூட்டி மாறும்போது எட்டு மணி நர்ஸ் இரண்டு மணி நர்ஸிடம் என்ன சொல்ல வேண்டும் என்றே முடிவாகவில்லை. அதற்குத் திரை எதற்கு?

தலைமைச் செவிலியரின் யோசனையைப் பார்த்து ஏன் சிரித்தேன், பிறகு ஏன் சிரிப்பு நின்றது என்பதைச் சொல்ல ஒரு தை மாதத்துக்குப் போக வேண்டும்.

சம்பா அறுவடை நேரம். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி, வாந்தி என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு இரைப்பைக்கான ஊசி எழுதினார். ஊசி போட வந்த நர்ஸ் போடவில்லை. "அம்மா, என்னை நிமிர்ந்து பாருங்கள்" என்றார். இமை பாதிக்கு மேல் எழும்பவில்லை. "ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள்?" களத்துமேட்டில், நெல்லுக்குக் காவலாக, தரையில் சாக்கை விரித்து. கட்டுவிரியன். கடித்தது பெரும்பாலும் தெரியாது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம் தேடினாலும் கிடைக்காமல் போகும். வயிற்றுவலியில் தொடங்கி, இமை தொங்கி, விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் போட்டார்கள். வழியில் மூச்சு நின்றது. அந்த நர்ஸ் தஞ்சாவூர் வரை, செயற்கை மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே போனார். அந்தப் பெண் இப்போதும் சந்தையில் கீரை விற்கிறார்.

அந்த நர்ஸுக்கு நாங்கள் கொடுத்த சம்பளத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தொடங்கிய பிறகு, கெட்டிக்கார நர்ஸ்கள் எல்லாரும் அந்தத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவரும் எழுதித் தேறி, வேறு மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டார். பிரிவு உபசாரத்தில் குத்துவிளக்கு ஒன்று கொடுத்தோம். அவர் தலையில் இருந்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ஓர் இளைஞன் அதே மாதிரி வயிற்றுவலியோடு வந்தான். அதே ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது தாமதமாகிவிட்டது.

தலைமைச் செவிலியர் அந்த இரண்டு கேஸ் ஷீட்டுகளையும் கூட்டத்தில் மேசைமீது வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இடையில் ஒன்று. நம் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்துப் பாம்பைச் சொல்லும் அந்த மக்களின் அறிவும் எந்த ஐந்தொகையிலும் ஏறியதில்லை.

ஆக, முதல் நிகழ்ச்சியில் எங்களிடம் மனித மூலதனம் இருந்தது. இரண்டாவதில் அது பஸ் ஏறிப் போயிருந்தது. அதை அமைப்பு மூலதனமாக மாற்ற எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு தாள், ஒட்டுவதற்குப் பசை. ‘அறுவடை மாதங்களில் விடியற்காலை வயிற்றுவலி என்றால் எங்கே படுத்தார் என்று கேள், இமையைப் பார், ஒரு மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்.’ கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனையும் இப்படித்தான். இரண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, சாய்த்துப் பார்க்க வேண்டும். குழாய் புதியதாக, காய்ந்ததாக, கண்ணாடியால் ஆனதாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவியதிலும் பிளாஸ்டிக் குழாயிலும் முடிவு தப்பாக வரும். உடைகிறது, செலவாகிறது என்று கண்ணாடிக் குழாய்களை நிறுத்திப் பிளாஸ்டிக் வாங்கக் கையெழுத்துப் போட்டவன் நான். சொல்ல யாரும் இல்லை. எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

எழுதி ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகுமா? குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் இந்த இடத்தில் நல்ல கேள்வி கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென்று பத்தொன்பது அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதை முயன்று பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009இல் வெளியான முடிவு இது. ஒரு தாள் செய்த வேலை. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதே பட்டியல் வந்தபின் என்ன ஆயிற்று என்று பார்த்து 2014இல் வெளியான ஆய்வில், குறிப்பிடும்படியான குறைவு தெரியவில்லை. தாள் அதேதான். மேலிடம் சொன்னதற்காகக் கட்டத்தில் குறி போடுவதும், கத்தியை எடுக்கும் முன் எல்லாரும் நின்று பேசுவதும் வேறு வேறு வேலைகள் என்று நான் புரிந்துகொண்டேன். எழுதி வைத்ததை உயிரோடு வைத்திருக்க ஆள் வேண்டும். தலைமைச் செவிலியர் கேட்டதில் மூன்று பகுதிகள் இருந்தன அல்லவா. நாங்கள் நடுவில் உள்ளதை மட்டும் மலிவு என்று பிடுங்கிக்கொள்ளப் பார்த்தோம்.

ஆள் பற்றிய கவலைக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டினார் அதே பேராசிரியர். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கியது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து, தாங்களே பயிற்சி கொடுத்து, அறுவையைத் தவிர்த்த பெரும்பாலான வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் அதையும் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். கண் மருத்துவம் ஒரே வகை வேலை, எங்களுடையது பல வகை; அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் யாராவது ஒருவர் போனால் வேலை நிற்காது என்ற ஏற்பாட்டை அங்கே பார்க்கலாம்.

"படித்துவிட்டுப் போய்விடுவார்களே, அடுத்தவன் ஆஸ்பத்திரிக்கா நாம் பயிற்சி கொடுப்பது?" என்று கேட்டார் ஸ்கேன் கட்சிக்காரர். "படிக்காமல் இங்கேயே இருந்தால் பரவாயில்லையா அண்ணே?" என்று திருப்பிக் கேட்டார் எங்கள் மருந்தாளுநர். அதற்குமேல் வாதம் நகரவில்லை.

உறவு மூலதனத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஓர் உதாரணம் போதும். பக்கத்துக் கிராமத்தில் பாம்புக்கடிக்கு மந்திரித்துப் பச்சிலை கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் பல ஆண்டுகள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தோம். நோயாளிகள் அவரிடம் போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்து எங்களிடம் வந்துகொண்டே இருந்தார்கள். தலைமைச் செவிலியர் கிராம சுகாதாரச் செவிலியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். "தாத்தா, நீங்கள் மந்திரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டு மந்திரியுங்கள். இறுக்கிக் கட்ட மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். இப்போது 108க்கு முதலில் போன் செய்பவர் அவர்தான். இதற்கான செலவு வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும்.

கடைசியில் முடிவு இப்படி ஆயிற்று. நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு மூத்த செவிலியர், மூன்று ஆண்டுகளுக்கு. இரவுப் பணிக்குத் தனிப் படி, தங்கும் அறை. உயிர் மீட்புப் பயிற்சிக்குப் பொம்மை, ஒவ்வொரு தளத்துக்கும் ஆம்பு பை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசினை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க, யாரும் தயிர் வைக்காத ஒரு குளிர்பெட்டி. நடந்த தவறுகளையும் நடக்க இருந்த தவறுகளையும் பெயர் போடாமல் எழுதும் நோட்டு. அதைப் படித்து யாரையும் தண்டிப்பதில்லை என்று குழு கையெழுத்திட்டது. ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் கணினி. சிறப்பு மருத்துவர்கள் வரலாம், ஆனால் கிளம்புமுன் அரை மணி நேரம் வார்டில் நின்று பேச வேண்டும். ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர், அது போதும். கண்ணாடிக் குழாய்கள் திரும்ப வந்துவிட்டன.

ஏறக்குறைய பாதித் தொகை வங்கியில் வைப்பாக இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி மாதம் ஒருமுறை போன் செய்கிறார். ஸ்கேனுக்கு நான் எதிரி இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இரவில் அந்த ஊசியைப் போடக்கூடிய மருத்துவர் ஒருவர் எங்கள் ஊரில் குடியேறச் சம்மதிக்கும் மாதத்தில் நானே பிரதிநிதியைக் கூப்பிடுவேன். மருத்துவர் யாராவது தெரிந்தால் சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன்.